மல்லாட்டை முந்தி

ஹேமநாத்துக்கு யாராவது கேள்வி கேட்டால் பிடிக்காது. டீயா, காபியா என்றால் "எதுனாலும் ஓகே" என்பான். பிரியாணிக் கடையில் லெக் பீஸா, நெஞ்சுக் கறியா என்றால் "வழக்கம் போல" என்பான். வழக்கம் என்னவென்று அவனுக்கே தெரியாது. கடைக்காரர்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்து, நாள் முழுக்கக் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிற ஒரு வேலையில் உட்காரவைத்திருந்தார் எங்கள் முதலாளி ராஜ்குமார்.

எங்கள் கம்பெனி ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் பின்னால் இருக்கிறது. தறிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு டிசைனுக்குத் தகுந்தபடி இழைகளைத் தூக்கிவிடுகிற ஜக்கார்டு இருக்கிறதே, அதைக் கம்ப்யூட்டரால் ஓட்டும் பெட்டியைச் செய்து விற்கிறோம். முன்பு அட்டையில் ஓட்டை போட்டுச் சரம் சரமாகத் தொங்கவிடுவார்கள். இப்போது டிசைனைப் பென்டிரைவில் போட்டுப் பெட்டியில் செருகினால் போதும். பெட்டிக்கு உயிர் கொடுப்பது ஹேமநாத். அதைத் தறி தறியாகத் தூக்கிக்கொண்டு போய் மாட்டி, ஓடாவிட்டால் திட்டு வாங்குவது நான், சசிகலா. விசிட்டிங் கார்டில் பேர் போட்டுக்கொள்வது ராஜ்குமார்.

பெட்டிக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ். அந்த லினக்ஸின் நடுவில் இருப்பது கெர்னல். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்: கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும் ஒவ்வொரு சாமானோடும் பேசத் தெரிந்தது அது ஒன்றுதான். அது பேசக் கற்றுக்கொள்ளாத சாமானை நீங்கள் சுத்தியலால் அடித்து உள்ளே செருகினாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் புதிதாகக் கெர்னல் கட்டும்போதெல்லாம் அது உட்கார்ந்து கேட்கும். ஜாய்ஸ்டிக் வேண்டுமா? டிவி ட்யூனர் வேண்டுமா? ஹாம் ரேடியோ வேண்டுமா? இப்படி ஆயிரக்கணக்கில். பெண் பார்க்க வரும் வீட்டார்கூட அத்தனை கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இங்கிலீஷில் கொஞ்சம் விளக்கம், பெரும்பாலும் அதன் கடைசியில் ஒரே புத்திமதி: சந்தேகமாக இருந்தால் 'இல்லை' என்று சொல்.

இந்தக் கேள்விகளோடு ஹேமநாத் நான்கு வருஷம் மல்லுக்கட்டினான். மல்லுக்கட்டினான் என்பது மரியாதைக்கு. உண்மையில் கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் என்டரைத் தட்டிக்கொண்டிருப்பான்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் சுகன்யா, சந்தவாசல். அப்பா ஜெயவேலுக்கு அங்கே மல்லாட்டை விவசாயம். வேர்க்கடலை என்று எழுதினால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும் என்பதற்காக ஒரு தடவை எழுதிவிட்டேன், இனி மல்லாட்டைதான். சுகன்யா தினமும் பஸ் ஏறி ஆரணிக்கு வந்து, எங்கள் மாடியில் இருக்கும் டிசைன் சென்டரில் புடவைக்கு டிசைன் போடுவாள். பெண் பார்த்த அன்றைக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு ஹேமநாத், "உங்களுக்குப் பிடிச்சா எனக்கு ஓகே" என்றானாம். அவன் அம்மா ரேணுகாம்பாளுக்கு ஒரே பெருமை. "எம்புள்ள எதிர்த்து ஒரு வார்த்த பேசமாட்டான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. எதிர்த்துப் பேசுகிறவனுக்கு முதலில் ஒரு கருத்து இருக்க வேண்டும். அதை யார் அந்த அம்மாவிடம் சொல்வது?

நிச்சயமான பிறகு சுகன்யா மத்தியான நேரத்தில் கீழே இறங்கி வந்து பேச ஆரம்பித்தாள். ஒரு நாள் அவன் ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் கீழ ஒரே வரி வந்துகினே இருக்குதே, அது இன்னாங்க?"

"அதுவா? சந்தேகமா இருந்தா இல்லைன்னு சொல்லணும். அதான் சேஃப்" என்றான் ஹேமநாத். அவன் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

"நல்ல புத்திதான்" என்று சிரித்துவிட்டு அவள் மாடிக்குப் போனாள்.

அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆனால் கல்யாண விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் பெரியவர்கள் இஷ்டம். முகூர்த்தப் புடவை மட்டும் அவள் வரைந்த டிசைனில் வர வேண்டும். ஆறு வருஷமாக மற்ற பெண்களின் கல்யாணத்துக்கு மயிலும் மாங்காயும் அன்னமும் போட்டுப் போட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. தனக்கென்று அவள் போட்டது மல்லாட்டைச் செடி. மேலே சின்னச் சின்ன மஞ்சள் பூ, நடுவில் இலை, கீழே மண்ணுக்குள் இறங்குகிற விழுது, விழுதின் நுனியில் ஜரிகையில் காய். கத்திரிப்பூ நிறப் புடவையில் முந்தி முழுக்க இதுதான். கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். ராஜ்குமார், "கல்யாணப் பொடவையில மல்லாட்டையா? அப்போ ரிசப்ஷனுக்கு இன்னா, கத்திரிக்காயா?" என்று கேட்டுவிட்டுத் தானே கைதட்டிக்கொண்டார். நான் அந்த டிசைனைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். எங்கள் ஊரில் அதைவிட அழகான முந்தியை நான் பார்த்ததில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

"அவருகிட்ட இது ஒண்ணுதாங்க்கா கேட்டிருக்கேன்" என்றாள் சுகன்யா என்னிடம். "மத்ததுக்கெல்லாம் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்ங்கறாரு. இதுலயாவது ஒரு கவனம் வெச்சாருன்னா, சரி, மனுஷன் உள்ள இருக்காருன்னு நெனைச்சிக்குவேன்."

ஹேமநாத் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"சரின்னாரு."

அவன் யாருக்குத்தான் சரி சொல்லவில்லை!

இந்தச் சமயத்தில்தான் அவனுக்கு ஞானம் பிறந்தது. கெர்னலின் கேள்விகளுக்குத் தானாகவே பதில் சொல்லும் ஒரு குட்டிப் புரோகிராம், அதாவது ஸ்கிரிப்ட், எழுதினான். அது செய்வது இவ்வளவுதான். பெட்டியில் இந்த நிமிஷம் என்னென்ன சாமான் வேலையில் இருக்கிறது என்று பார்க்கும். வேலையில் இருப்பதற்கெல்லாம் 'ஆமாம்'. இல்லாததற்கெல்லாம் 'இல்லை'. புதிதாக எதையாவது கேட்டால் அதுவே என்டர் தட்டிக்கொள்ளும். பிறகு தானே கெர்னலைக் கட்டி முடித்துவிடும். நாள் கணக்கான வேலை டீ குடித்து வருவதற்குள் முடியும். ராஜ்குமாருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம பெட்டிக்குத் தனக்கு இன்னா வேணும்னு தனக்கே தெரியும்" என்று போனில் பார்ட்டிகளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தனக்கு என்ன வேண்டும் என்று தனக்கே தெரியாத ஒருவன் அதை எழுதியிருக்கிறான் என்பது பார்ட்டிகளுக்குத் தெரியாது.

"ஆயுத பூஜ வருது. நல்ல நாளு. அன்னிக்கே தொடங்கிடு" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சார், அன்னிக்குச் சாமானத் தொடக்கூடாதே" என்றேன்.

"யாருமா தொடப்போறது? அதுவா ஓடப்போவுது. நம்ம கை பட்டாத்தான தோஷம்?"

சாமிக்கே சட்டம் சொல்லிக்கொடுக்கிற ஆள். ஹேமநாத்தைப் பார்த்தேன். "சார் சொன்னா ஓகே" என்றான்.

ஆயுத பூஜை அன்று ஆபீசைக் கழுவித் தள்ளினோம். வாசலில் வாழைக்கன்று. சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. பெட்டிகளில் செருகியிருந்த பென்டிரைவ்களையெல்லாம் ராஜ்குமாரே ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலைத் தட்டுக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்கினார். அதுவும் ஆயுதம்தானே. ஒரு பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்து லேப்டாப்போடு இணைத்திருந்தது. லேப்டாப்புக்கும் நெற்றியில் பொட்டு. கற்பூரம் காட்டியதும் ஹேமநாத் வெற்றிலையின் காம்பால் என்டரைத் தட்டினான். கை படக்கூடாதாம்.

ஸ்கிரிப்ட் ஓடியது. பெட்டியில் என்னென்ன வேலையில் இருக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தது. பென்டிரைவ் எதுவும் இல்லை. இந்த உலகத்தில் பென்டிரைவ் என்று ஒரு சாமானே இல்லை என்று முடிவு செய்து, அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டது. அதன் மேல் தப்பு சொல்லவே முடியாது. வருஷத்தில் ஒரே நாள் ஆரணியில் எந்தச் சாமானும் வேலை செய்யாது. அந்த நாளாகப் பார்த்து அதனிடம் கணக்கெடுக்கச் சொன்னோம்.

அப்போது இது எங்கள் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் சோதித்துப் பார்த்தபோது பெட்டி ஜோராக ஓடியது. அது ஹேமநாத் முன்பே செய்து வைத்திருந்த இன்னொரு புண்ணியம். பென்டிரைவ் கிடைக்காவிட்டால் பெட்டி நின்று, டிசைன் எங்கே என்று கேட்பதுபோல்தான் ஆரம்பத்தில் இருந்தது. நெசவாளர்கள் போன் செய்கிறார்கள், பேஜார் என்று அதை எடுத்துவிட்டான். இல்லையா, கேட்காதே, உள்ளே இருக்கும் டெமோ டிசைனை ஓட்டு. டெமோ டிசைன் என்ன? சென்னையில் ஒரு கண்காட்சிக்காகச் செய்த ராஜ்குமாரின் திருமுகம். மீசையோடு, கண்ணாடியோடு. மறுநாள் காலை, பென்டிரைவ்கள் இன்னும் பூஜைத் தட்டில் இருக்கும்போதே, ஆபீஸ் தறியில் அந்த மீசை இழை இழையாக வந்ததும் எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். அவர் திருஷ்டி கழிய ரோட்டில் பூசணிக்காய் உடைத்தார்.

புது முறையில் ஓடும் முதல் பெட்டியில் ஹேமநாத்தின் கல்யாணப் புடவைதான் வர வேண்டும், வீடியோ எடுத்துப் போடலாம் என்று ராஜ்குமார் திட்டம் போட்டார். முள்ளிப்பட்டில் கன்னியம்மாள் என்கிற நெசவுக்கார அம்மா வீட்டுத் தறியில் நான் கொண்டுபோய் மாட்டினேன். உடலும் கரையும் பழைய அட்டை ஜக்கார்டில். கடைசியில் வரும் முந்தி மட்டும் எங்கள் பெட்டியில். சுகன்யா கொடுத்த பென்டிரைவைச் செருகினேன். ஓடத் தயார் என்று பச்சை லைட் எரிந்தது. "கல்யாணப் பொடவ, ஜாக்கிரத" என்று சொல்லிவிட்டு, கலசப்பாக்கத்தில் ஒரு தறிக்கூடத்தில் பெட்டி மாட்டப் போய்விட்டேன்.

நெய்து முடித்த புடவை கவரில் போட்டு ஒட்டி ஆபீசுக்கு வந்தது. பிரிக்கவே கூடாது, பெண்தான் பிரிக்க வேண்டும், அந்த முகத்தை வீடியோவில் பிடிக்க வேண்டும் என்று ராஜ்குமார் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஐப்பசிக் கடைசி முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எல்லோரும் காரில் சந்தவாசலுக்குப் போனோம். முதலாளி, ஹேமநாத், ரேணுகாம்பாள், நான். ஜெயவேல் வாசல்வரை வந்து கும்பிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். சுகன்யா அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ராஜ்குமார் போனைத் தூக்கிப் பிடித்தார். "ரெடி. பிரி."

அவள் கவரைப் பிரித்து, முந்தியை எடுத்து மடியில் விரித்தாள்.

கத்திரிப்பூ நிறத்தில், சுத்த ஜரிகையில், வரிசை வரிசையாக ராஜ்குமார். ஒவ்வொரு ராஜ்குமாரும் மூக்குக் கண்ணாடி வழியாக மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் வாய் திறந்தது நிஜ ராஜ்குமார்தான்.

"மீசை எப்படி வந்துருக்கு பாத்தியா?" என்றார், என்னிடம்.

சுகன்யா புடவையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "என் மல்லாட்ட எங்க?"

யாருக்குத் தெரியும்? நான் கன்னியம்மாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏன்மா, முந்தியில ஒரு ஆம்பள மூஞ்சி வந்திருக்குதே..."

"ஆமாங்க. இப்பல்லாம் மாப்பிள்ள படத்தப் போட்டுக்கறாங்களே, அதுன்னு நெனச்சேன்" என்றது கன்னியம்மாள். "வயசு கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரிஞ்சுது. இருக்கட்டும், ரெண்டாந்தாரமோ இன்னாவோ, அத நாம எப்புடிக் கேக்கறது? ஆனா சந்தேகமாத்தான் இருந்துச்சு. ரெண்டு வெரல் அகலம் நெய்ஞ்சதுமே கம்பெனிக்குப் போன் போட்டேன். பெட்டி சாருதான் எடுத்தாரு. இந்த மாதிரி மூஞ்சி வருதுங்க, சரிதாங்களான்னேன். வழக்கம் போலதாம்மா, ஓட்டுங்கன்னாரு. ஓட்டிட்டேன். ஏன், நல்லா வரலியா?"

"நல்லா வந்திருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தேன். பொய் இல்லை. அந்த அம்மாவின் கை சுத்தம். ஒரு ராஜ்குமாருக்குக்கூட மூக்கு கோணவில்லை.

எல்லோரும் ஹேமநாத்தைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பூஜைத் தட்டு, பென்டிரைவ், ஸ்கிரிப்ட் என்று விளக்க ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே காரணம் பிடிபட்டு, முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆக்சுவலா ஸ்கிரிப்ட் கரெக்டாத்தான் வேல செஞ்சிருக்கு" என்று முடித்தான். எனக்கு அந்தக் கணத்தில் அவன் மண்டையில் ஒன்று போட வேண்டும்போல் இருந்தது.

"அந்தம்மா போன்ல கேட்டப்போ நீங்க என் டிசைன நெனச்சுப் பாக்கலையா?" என்றாள் சுகன்யா.

"வேலையா இருந்தேன். வழக்கமா கேக்கறதுதானேன்னு..."

"போனாப் போவுது" என்று ராஜ்குமார் குறுக்கே விழுந்தார். "வேற நெய்யறதுக்கு இப்ப டைம் இல்ல. இது இன்னாம்மா பெரிய விஷயம்? முந்தி முதுகுப் பக்கம்தான தொங்கப்போவுது? நீயா பாக்கப்போற?"

"பெரியவரு மொகம். ஆசீர்வாதம்னு வெச்சிக்க" என்றது ரேணுகாம்பாள். தன் மருமகள் முதுகில் தன் மகனுடைய முதலாளி வரிசையாகச் சிரித்துக்கொண்டு மணவறையைச் சுற்றி வருவதில் அந்த அம்மாவுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஜெயவேல் மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகன்யா அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. ஹேமநாத்தின் பக்கம் திரும்பினாள்.

"அவங்க சொல்றத விடுங்க. நீங்க சொல்லுங்க. இதக் கட்டிகினு நான் மணையில உக்காரணுமா, வேணாமா?"

ஒரே கேள்வி. அவளுக்காக ஒரு வார்த்தை 'வேணாம்' என்று சொல்லியிருந்தால்கூட அவள் பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவன் அம்மாவைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். முந்தியில் இருந்த முதலாளிகளையும் பார்த்தான்.

"எனக்கு எதுனாலும் ஓகே. உங்க எல்லாருக்கும் எப்படியோ..."

"சரி. வேற ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள். "அன்னிக்கு உங்க ஸ்க்ரீன்ல கீழ ஒரு வரி வந்துகினே இருந்துச்சே. சந்தேகமா இருந்தா இன்னா சொல்லணும்?"

இது அவனுக்குத் தெரிந்த பாடம். முகம் தெளிந்துவிட்டது.

"இல்லைன்னு சொல்லணும்" என்றான், பட்டென்று.

"அதான்" என்றாள் சுகன்யா.

அவனுக்கு உடனே புரியவில்லை. ஜெயவேலுக்குப் புரிந்தது. "மண்டபத்துக்காரனுக்குச் சொல்லிடட்டாமா?" என்று கேட்டார். "சொல்லிடுப்பா" என்றாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ரேணுகாம்பாள், "இன்னாடா சொல்றா இவ? நீ இன்னாடா சொன்ன?" என்று மகனைப் பிடித்து உலுக்கியது. ராஜ்குமார் போனைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சுகன்யா புடவையை முகங்கள் உள்ளே போகும்படி மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு உள்ளே போய், வேகவைத்த மல்லாட்டையை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா அனுப்பக்கூடாது என்று வளர்ந்த பெண். ராஜ்குமார் கூச்சமே இல்லாமல் ஒரு கை அள்ளிக்கொண்டார். அடுத்து தட்டை ஹேமநாத்திடம் நீட்டினாள்.

"வேணுமா?"

அவன் முதலாளியைப் பார்த்தான்.

அவள் காத்திருக்கவில்லை. தட்டை என் பக்கம் திருப்பினாள்.